ஆறு திருகாணிகளும் ஒரு ஈர்க்குச்சியும்

என் கிட்டாரின் ஆறு தந்திகளுக்கும் அடியில் ஆறு சின்னத் திருகாணிகள் இருக்கின்றன. தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்புகிற காந்தக் கட்டைக்குப் பிக்கப் என்று பெயர். அதன் முதுகில்தான் இந்த ஆறும் காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க, வந்தவர்கள் மாதிரி வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு தந்திக்குப் பொறுப்பு. திருகாணியைச் சற்று மேலே ஏற்றினால் அந்தத் தந்தி மட்டும் உரக்கப் பேசும், இறக்கினால் அடங்கும். கிட்டார் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் ஆயுள் முழுக்க இவற்றைத் தொடுவதே இல்லை. நான் தொட்டேன். தொட்டதோடு நிற்காமல் ஏறக்குறைய ஒரு வருஷம் திருகிக்கொண்டே இருந்தேன். எல்லாம் என் மனைவிக்காக.

நான் பதுளை பஜாரில் ஒரு கடையில் போன் ரிப்பேர் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும் ஐந்து பேர் கொண்ட ஓர் இசைக்குழுவில் லீட் கிட்டார். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. மனைவி அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அவளுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் காது இருந்தது, அப்படி ஒரு காது. பதுளை பஸ் இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே, வருவது புது பஸ்ஸா பழைய பஸ்ஸா என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லுவாள். கொழுந்து மலையில் இருந்து வந்து, பீலித் தண்ணீரில் குளித்து, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் உட்காருவாள். நான் வாசிப்பேன். ஒரு தந்தி இம்மி அளவு சுருதி இறங்கியிருந்தாலும் அவள் புருவம் சுருங்கிவிடும். "அதுல ஒண்ணு அழுவுதுங்க" என்பாள். எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்காட்ட, "ஆங், அந்தப் புள்ளதான்" என்பாள். சுருதி பார்க்கிற மீட்டரில் வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். கடைசியில் நான் மீட்டரையே எடுப்பதில்லை. எந்தப் புதுப் பாட்டும் முதலில் என் வீட்டு இஸ்தோப்பில் பாஸாக வேண்டும், அப்புறம்தான் மேடைக்குப் போகும்.

எங்களுக்குள் ஒரு சொல் உண்டு. கல்யாணமான முதல் மாதம், பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவில் வாசித்துவிட்டு வந்தேன். ஸ்பீக்கர் இரைந்து, மைக் கத்தி, மானம் போய்விட்டது. பையை மூலையில் வீசிவிட்டு, "சவுண்டு படு மட்டம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நல்லதுதானேங்க? அப்புறம் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க?"

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பிறகுதான் விளக்கினாள். தேயிலைச் செடியின் தலைப்பரப்பு மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். பறிக்கிறவர்கள் செடியின் மேல் ஒரு நீளக் குச்சியைக் கிடத்தி, அதற்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும் கிள்ளுவார்கள். அதுதான் மட்டக்கம்பு. "மட்டமா இருக்கு" என்று கங்காணி சொல்லிவிட்டால், அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை மலையில் கிடையாது. நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் பஜாரில் வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்கு மட்டம் என்றால் மோசம், தரம் கெட்டது, அவ்வளவுதான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகு ரொட்டி கருகினாலும், மழை பெய்தாலும், என் புதுச் சட்டையைப் பார்த்தாலும் ஒருத்தர் "மட்டமா இருக்கு" என்போம். மற்றவர் உடனே "யார் மட்டம்? ஒன் மட்டமா, என் மட்டமா?" என்று கேட்க வேண்டும். வருஷக் கணக்காக இப்படியே ஓடியது.

ஒரு சாயங்காலம் பாட்டு முடிந்ததும் அவள் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்ன, புடிக்கலையா?"

"பாட்டு நல்லாருக்கு. அந்த மெல்லிசு கம்பி ரெண்டும்தான் சரியா கேக்கல. துணி போட்டு மூடின மாதிரி இருக்கு."

எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். முதலில் தந்திகளை மாற்றினேன். அப்புறம் வயரை மாற்றினேன். மூன்றாவதாகத்தான் திருகாணிக்கு வந்தேன்.

அது அவசரக்காரனுக்கு ஏற்ற வேலை இல்லை. முதலில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்குரூ டிரைவர் பட்டதும் ஸ்பீக்கர் 'டொக்' என்று கத்தும். காந்தம் வேறு டிரைவரின் நுனியைப் பிடித்து இழுக்கும். கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. கால் சுற்று, வாசித்துப் பார், இன்னொரு கால் சுற்று. ஆறும் ஒரே உயரத்தில் நிற்கவும் கூடாது. விரல் வைக்கிற பலகை லேசாக வளைந்திருப்பதால் தந்திகளும் நடுவில் உயர்ந்துதான் ஓடும். ஆகவே நடுத் திருகாணிகள் கொஞ்சம் மேலேயும் ஓரத்தவை கொஞ்சம் கீழேயும் இருக்க வேண்டும். அதிலும் மூன்றாம் தந்தி வாயாடி, அதற்கு அடியில் இருப்பதை மட்டும் சற்று அமுக்கி வைக்க வேண்டும். மற்றபடி அளவுகோல் எல்லாம் காதுதான், அதாவது அவள் காது. அவள் எதிரில் உட்கார்ந்து, கண்ணை மூடி, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங், இப்ப வருது" என்றாள். மெல்லிய தந்திகள் இரண்டின் திருகாணிகளும் அரைச் சுற்று ஏறியிருந்தன. அன்று ஏதோ பெரிய காரியம் சாதித்தவன் போல மூன்று ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே பேச்சு. மறுபடியும் கால் சுற்று. அப்புறம் இன்னும் ஒருமுறை. முதல் தந்தியின் ஒலி நீளாமல் சீக்கிரம் செத்துப்போக ஆரம்பித்தது. காந்தம் மிக நெருங்கினால் தந்தியைப் பிடித்து இழுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தந்தி விற்ற கடைக்காரரைத்தான் திட்டினேன். என் காதுக்கும் அந்தச் சத்தம் கூர்மையாகத்தான் குத்தியது. நாள் முழுக்க ரிங்டோன்களுக்கு நடுவே உட்கார்ந்து என் காதுதான் கெட்டுவிட்டது போலும் என்று நினைத்தேன். என் காதைச் சந்தேகப்படத் தோன்றியது, அவள் காதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. இன்று வரை அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வரும்.

லுணுகலையில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முந்தின போயா நாளில் எங்கள் குழுவின் கீபோர்ட்காரன் பாட்டுப் பழக வீட்டுக்கு வந்தான். சின்ன வயதிலிருந்து சினேகிதன், மனதில் பட்டதைச் சொல்லுகிறவன். இரண்டு பாட்டு முடிந்ததும் கையை எடுத்துவிட்டான்.

"மச்சான், ஒன் மெல்லிசு கம்பி காதக் கிழிக்குதுடா."

"ஒனக்கு அடைச்ச காது. வீட்டுல கேட்டுக் கேட்டுத்தான் நான் வச்சிருக்கேன்."

"என்னத்தக் கேட்டே? மேடையில இப்படி வாசிச்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்க. இவன் கிட்டாரு சத்தம் மட்டமா இல்லையா?"

அவள் சோறு போட வந்தவள். கரண்டி கையில் நின்றது. அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கிட்டாரைப் பார்த்தாள். லேசாகச் சிரித்துவிட்டுச் சட்டியோடு உள்ளே போய்விட்டாள். என் பக்கம் பேசுகிறவள் விருந்தாளியோடு வாக்குவாதம் வேண்டாம் என்று போகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவனோடு மட்டும் சாப்பாடு முடியும் வரை சண்டை பிடித்தேன்.

கல்யாணத்தன்று காலையில், தலை வலிக்கிறது என்று அவள் வரவில்லை. வழக்கமாக முதல் ஆளாகப் புறப்படுகிறவள். நான் அதையும் யோசிக்கவில்லை. மண்டபத்தில் சத்தம் பார்க்கக் கிட்டாரை எடுத்து மாட்டி முதல் பாட்டைத் தொட்டேன். என் கிட்டாரே இல்லை அது. நடுத் தந்திகள் கிணற்றுக்குள் இருந்தன, மெல்லிய தந்திகள் போன இடம் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். ஆறு திருகாணித் தலைகளும் ஒரே கோட்டில், ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லாமல் நின்றன. கிட்டார்ப் பெட்டிக்குள் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஓர் ஈர்க்குச்சி கிடந்தது. தந்திகளுக்கு அடியில் அதை நுழைத்து, திருகாணிகளின் மேல் கிடத்தி, மட்டம் பார்த்திருக்கிறாள். உலகத்தில் இப்படி ஒரு வேலையைச் செய்யக்கூடிய ஆள் ஒருத்திதான்.

மண்டபத்துக்குப் பின்னால் போய் அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"கிட்டார்ல கை வச்சியா?"

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க? இது என்ன தேயிலச் செடியா, மட்டம் பாத்து வெட்டி விடுறதுக்கு? ஒரு வருஷ வேலைம்மா! ஒன்ன யாரு தொடச் சொன்னது?"

மெதுவாக, "மட்டமா இருந்தா நல்லதுன்னு நெனச்சேங்க" என்றாள். நான் போனை வெட்டிவிட்டேன்.

விருந்தினர் வரத் தொடங்கியிருந்தார்கள். பையில் இருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீபோர்ட்காரன் மண்டபத்தின் மறுகோடியில் நின்று கையை மேலேயும் கீழேயும் ஆட்டினான். நடுவில் இரண்டை ஏற்றினேன், மூன்றாவதை ஒரு பொட்டு இறக்கினேன். மெல்லிய இரண்டையும் பழைய உயரத்துக்குக் கொண்டுபோகப் போனபோது அவன் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்றான். நேரமும் இல்லை. சரி, தொலையட்டும் என்று அப்படியே விட்டேன். அன்றைக்கு அந்தக் கிட்டார் பாடியது போல அதற்கு முன் பாடியதில்லை. பாட்டுக்குப் பாட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இப்பதான்டா கிட்டாரு மாதிரி இருக்கு" என்று அவன் முதுகில் தட்டினான். சந்தோஷப்படக்கூட எனக்கு மனம் வரவில்லை, கோபம் அப்படி அடைத்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மிச்சச் சண்டையை முடிக்கும் எண்ணத்தோடு வாசலில் நின்று "ஏம்மா" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். அசையவில்லை. சரி, மேடம் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, கேலியாக என் போனை எடுத்து அவளுடைய நம்பரை அழுத்தினேன். அவள் போன் முழங்கைக்குப் பக்கத்தில் பலகையின் மேல் கிடந்தது. நான் வைத்துக்கொடுத்த, குருவி கத்துகிற மாதிரியான மெல்லிய ரிங்டோன். அது கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. அவள் மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ கத்தியபோது அவள் கை பலகையில் பட்டது. போனின் அதிர்வு விரலில் ஏற, சட்டென்று எடுத்துப் பார்த்து, பிறகு திரும்பினாள்.

சில மாதங்களுக்கு முன் அவள் தன் போனை அழைப்பு வந்தால் அதிரும்படியும் வைத்துத் தரச் சொல்லியிருந்தாள். மலையில் காற்றுச் சத்தம் என்றாள். நான் கடையில் தினமும் இருபது பேருக்குச் செய்கிற வேலை. யோசிக்காமல் செய்து கொடுத்தேன்.

"எப்ப இருந்து?" என்றேன்.

அவள் மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். "குருவிச் சத்தமெல்லாம் போயி கொஞ்ச நாளாச்சுங்க. ஆள் பேசுறது கேக்குது, கிட்ட நின்னா. மொதல்ல நானும் கிட்டாருலதான் கோளாறுன்னு நெனச்சேன். ஒங்க கூட்டாளி காதக் கிழிக்குதுன்னு சொன்னாரு பாருங்க, அப்பதான் வெளங்குச்சு. அவருக்குக் கிழிக்கிறது எனக்குக் கேக்கவே இல்லையே."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீங்க மறுபடி ஏத்துவீங்க. எனக்குக் கேக்கணும்னு ஏத்திக்கிட்டே போவீங்க." அவள் அடுப்பைப் பார்த்தாள். "அத்தன பேரு இருக்கிற சபையில, என் காதுனால ஒங்கள மட்டம்னு ஒருத்தரும் சொல்லிறக் கூடாதுங்க. எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மட்டத்துக்கு வச்சேன்."

அத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை என் அர்த்தத்தில், விளையாட்டுக்கு இல்லாமல், அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. வீட்டில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் கையிலிருந்த தட்டகப்பையை வாங்கி ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். கண் கலங்கிக் கிடந்ததில் அடுத்த பக்கத்தைக் கருக்கிவிட்டேன். அவள் அதைப் பிட்டு வாயில் போட்டாள்.

"மட்டமா இருக்கு."

"யார் மட்டம்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"ஒங்க மட்டம்தான்" என்று சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். அடுப்பில் மிச்சம் இருந்த ரொட்டிகளும் கருகிப்போயின.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காதபோதும் இரண்டு மூன்று முறை அழுத்தினாளாம். "பெயிலாக்கிருவாங்களோன்னு பயமா இருந்துச்சுங்க" என்றாள். நரம்பு பலவீனம் என்றார் டொக்டர். மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், தடித்த சத்தங்கள் இன்னும் நாள் நிற்கும், எவ்வளவு நாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். காதுக் கருவி ஒன்று கிடைத்தது. ஆட்கள் பேசுவதற்கு அது உதவுகிறது. கிட்டாருக்கு வேண்டாம் என்றாள். அதில் என் கிட்டார் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதாம். மலையிலும் மாட்டமாட்டாள், காற்று உள்ளே புகுந்து ஊளையிடுகிறதாம்.

கொஞ்ச நாள் நான் கிட்டாரைத் தொடவில்லை. அவளுக்குக் கேட்காவிட்டால் நான் யாருக்கு வாசிப்பது? மேடையில் நூறு பேர் இருந்தாலும் எனக்கு ஒரே ஓர் ஆள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அவளிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு பகலில் அவளே பெட்டியைத் திறந்து கிட்டாரை என் மடியில் வைத்தாள். மெல்லிய தந்திகளைத் தொட்டபோது பேசாமல் இருந்தாள். கை தவறித் தடித்த பக்கம், நாலாம் தந்திக்குப் போனது. அவள் கால் பெருவிரல் தரையில் தட்டியது. ஐந்தாம் தந்தி, மறுபடியும் தட்டியது.

அன்றிலிருந்து பாட்டுகளையெல்லாம் கீழே இறக்கி வைக்கத் தொடங்கினேன். மெல்லிய தந்திகளில் இத்தனை வருஷம் ஓடிய விரல்கள் தடித்த தந்திகளில் தடுமாறின. அங்கே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கை வலிக்கும். ஒரு பாட்டுக்கு இரண்டு வாரம் ஆனது. திருகாணிகளையும் அவள் எதிரில் வைத்தே மறுபடி கால் கால் சுற்றாகத் திருத்தினேன். இந்த முறை தடித்த பக்கம். ஒரு தந்தியைத் தட்டுவேன், அவள் கிட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைத்துக் கேட்பாள். "இந்தப் புள்ள இன்னும் கொஞ்சம் பேசலாம்" என்பாள். குழுவில் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு கல்யாண வீட்டுக்காரர்களே, அந்தக் கனமான குரலில் வாசிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். அது ஏதோ என் பாணி என்று நினைக்கிறார்கள். நானும் ஆமாம் என்று சொல்லி வைக்கிறேன்.

போன மாதம் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா. பகல் கச்சேரி. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், கருவியைக் கழற்றிக் கையில் மூடிப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். சோதனைக்கு ஒரு பாட்டின் தொடக்கத்தை வாசித்தேன், முழுக்கத் தடித்த தந்திகளில். வாசித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் உள்ளங்கையை விரித்து, முன்னால் ஒரு செடி நிற்பது போல, அதன் தலைமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக ஓட்டிக் காட்டினாள்.

"சவுண்டு எப்படி மச்சான்?" என்றான் பக்கத்தில் கீபோர்ட்காரன்.

"மட்டமா இருக்கு."

அவன் பதறிப்போய் மிக்ஸர் பக்கம் கையை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதடா. இது அவ மட்டம்."